எண்ணும்மையை யார் நடத்துவது?

மருந்து மற்றும் அழகுசாதன அறிவியல் பட்டப்படிப்பை நடத்திவரும் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

இந்தப் பட்டத்தைப் படித்து முடித்து, முதலில் மாத்திரை தயாரிக்கும் பிரிவிலும் பிறகு தோலில் பூசும் கிரீம்களை உருவாக்கும் ஆய்வகத்திலும் பணிபுரிந்தவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பாடத்திட்டத்தைத் திருத்துவதற்காகத் தாங்கள் அடுத்த முறை கூடும்போது, பட்டத்தின் பெயரில் உள்ள இரண்டு துறைகளுக்கும் எத்தனை மணி நேரம் என்று பங்கிட்டுவிட்டு எழுந்துவிடாமல், அவ்விரண்டையும் சேர்த்துவைத்திருக்கும் சொல்லுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மருந்தும் அழகுசாதனமும் என்று சொல்லும்போது வருகிற ‘உம்’மைத் தமிழ் இலக்கணம் எண்ணும்மை என்கிறது; சான்றிதழில் ‘மற்றும்’ என்று அச்சிட்டாலும் அதன் வேலை அதேதான். நான் படித்த காலத்தில் மருந்துக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், அழகுசாதனத்துக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், அந்த உம்மையை நடத்த மட்டும் எவரும் நியமிக்கப்படவில்லை.

நிலைமையைச் சிறிது விளக்குகிறேன். முதலாம் ஆண்டில் மருந்தாக்கவியல் ஆசிரியர் எங்களுக்குப் பால்மங்களை, அதாவது எண்ணெயும் நீரும் பால்போலக் கலந்த கலவைகளை, கற்பித்தார். எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று ஏற்காதவை, அவற்றைச் சேர்த்துவைக்கப் பால்மமாக்கி வேண்டும், சேமிப்பில் எண்ணெய்த் துளிகள் மேலெழுந்து பாலேடு போலத் திரளும், அந்த வேகத்தை ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு கணக்கிடலாம் என்றெல்லாம் சொன்னார். இரண்டாம் ஆண்டில் அழகுசாதனப் பாடத்தின் ஆசிரியர் லோஷன் என்ற தலைப்பில் அதே பொருளை முதலிலிருந்து தொடங்கினார். அவருடைய வகுப்பில் ஸ்டோக்ஸ் வரவில்லை. பூசும்போது வழுக்க வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது, வெண்படலம் நிற்கக் கூடாது என்பவையே வந்தன. இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் துளியின் ஆரம் பாதியாகக் குறைந்தால் அது மேலெழும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்ற ஒரே செய்திதான், குழந்தைக்குக் கொடுக்கும் மருந்துப் பால்மத்தில் கடைசிக் கரண்டி வரை அளவு மாறாமல் இருப்பதற்கும், குப்பியிலிருக்கும் லோஷன் பல மாதங்கள் பிரியாமல் இருப்பதற்கும் அடிப்படை என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. 1949-இல் வில்லியம் கிரிஃபின் முன்வைத்த எச்.எல்.பி. எண், அதாவது ஒரு பால்மமாக்கி நீரை எவ்வளவு நாடுகிறது, எண்ணெயை எவ்வளவு நாடுகிறது என்பதைச் சொல்லும் எண், இரண்டு வகுப்புகளிலும் தனித்தனியே அறிமுகப்படுத்தப்பட்டது. நாங்களும் ஒரே விடையை இரண்டு விடைத்தாள்களில் இரண்டு நடைகளில் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டோம்.

மெக்னீசியம் ஸ்டியரேட்டின் கதை இதைவிடச் சுவையானது. மாத்திரை அச்சில் ஒட்டாமல் வழுக்கி வெளிவருவதற்காக அப்பொருள் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ சேர்க்கப்படுகிறது. கலப்பானில் அளவுக்கு மீறிச் சுற்றிவிட்டால் அது ஒவ்வொரு துகளின் மீதும் நீர் ஒட்டாத படலமாகப் பரவிவிடும். பிறகு மாத்திரை பார்வைக்குச் சரியாகவே இருக்கும், எடையும் சரியாக இருக்கும், கரைய வேண்டிய நேரத்தில் மட்டும் கரையாது. அழுத்திச் செய்யப்படும் முகப்பவுடரிலும் அதே பொருள் இருக்கிறது. அங்கே அது துகள்களைப் பிணைத்து, தோலில் மென்மையாகப் பரவச் செய்து, வியர்வையின் ஈரத்தைத் தள்ளிவைக்கிறது. மாத்திரையில் குற்றமாகக் கருதப்படும் அதே குணம் பவுடரில் சிறப்பாகிவிடுகிறது. பொருளின் குணம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை, அது எங்கே எந்த வேலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதை ஒரு மாணவருக்கு உணர்த்த இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு கிடைக்காது. எனக்கோ இது வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில்தான், அதுவும் தற்செயலாகத்தான், புலப்பட்டது.

தற்செயலை நம்பியிருப்பதால் என்ன நேரும் என்பதற்கு என் அனுபவமே சான்று. கிரீம் ஆய்வகத்தில் நான் பொறுப்பேற்றுச் செய்த முதல் தயாரிப்பு மணத்திலும் பரவும் தன்மையிலும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதில் கிருமிகள் வளராமல் காக்கும் பாரபென் வகைப் பதனப்பொருள் வழக்கமான அளவில் சேர்க்கப்பட்டிருந்தது. நுண்ணுயிர்களை வேண்டுமென்றே உட்செலுத்தி 28 நாட்கள் கவனிக்கும் சோதனைக்கு அதை அனுப்பியபோது, சூடோமோனாஸ் பாக்டீரியா அதில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. காரணம் எளியது. நான் பால்மமாக்கியாகச் சேர்த்திருந்த பாலிசார்பேட் தன் நுண்திரள்களுக்குள் பாரபெனை இழுத்து வைத்துக்கொண்டதால், பாக்டீரியாக்கள் வளரும் நீர்ப்பகுதியில் போதிய பதனப்பொருள் மிஞ்சவில்லை. பாலிசார்பேட்டின் இந்தக் குணத்தை நான் அறியாதவள் அல்ல. நீரில் எளிதில் கரையாத மருந்துகளைக் கரைக்க அது எப்படி உதவுகிறது என்று முதலாம் ஆண்டில் ஐந்து பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். மருந்தைக் கரைக்கும் கை பதனப்பொருளையும் பிடித்துவைக்கும் என்ற ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவ்விரண்டும் என் மனத்தில் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தன.

பொதுவான அறிவியலை ஒன்றாகக் கற்பித்தால் மீதமாகும் நேரத்தை, இரண்டும் உண்மையிலேயே பிரியும் இடத்துக்குச் செலவிடுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். அந்த இடம் வேதியியலில் இல்லை. எதை மெய்ப்பிக்க வேண்டும், யாரிடம், எப்போது என்ற கேள்விகளில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் மருந்துக்கு ஒரு வரையறை, அழகுசாதனத்துக்கு ஒரு வரையறை என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். எல்லைக்கோடு என்பது வரைபடத்தில் போட்ட கோடு போலத் தெளிவாக இருப்பதாக நம்பினோம். ஆனால் ஒரே சூரியத் தடுப்பு கிரீம் அமெரிக்காவில் மருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள். ஜப்பானில் இவ்விரண்டுக்கும் நடுவே பாதி மருந்து என்று சொல்லத்தக்க தனி வகையே சட்டத்தில் உண்டு. பொடுகு ஷாம்பூவும் ஃபுளோரைடு பற்பசையும் இப்படியே நாட்டுக்கு நாடு உடை மாற்றிக்கொள்கின்றன. குப்பிக்குள் இருக்கும் மூலக்கூறுக்கு இது எதுவும் தெரியாது.

ரெட்டினாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். அழகுசாதன கிரீம்களில் பரவலாகப் பயன்படுகிறது. ரெட்டினாயிக் அமிலம், அதாவது டிரெட்டினாயின், மருத்துவரின் சீட்டு கேட்கும் மருந்து. தோலின் செல்கள் ரெட்டினாலை முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பின்னர் ரெட்டினாயிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அப்படியானால் சட்டம் வகுத்த எல்லையை நம்முடைய தோல் அன்றாடம் தாண்டிக்கொண்டிருக்கிறது. மாற்றம் சிறிதளவே நிகழ்வதால் விளைவும் மென்மையாக இருக்கிறது, ஆகவே அழகுசாதனம் என்ற பெயர் தாக்குப்பிடிக்கிறது. செறிவைக் கூட்டினால் அந்தப் பெயர் எதுவரை தாங்கும் என்பது, நாவிலிருந்து வரும் வரையறையால் விடை காண முடியாத கேள்வி. மாற்றத்தின் வேகமும் தோலுக்குள் புகும் அளவும் தெரிந்தவர்தான் அதற்கு விடை சொல்ல முடியும். மருந்து உடலில் என்ன ஆகிறது என்று பார்க்கும் மருந்து இயக்கவியலும், எதை எவ்வளவு சேர்ப்பது என்று சொல்லும் அழகுசாதன வாய்பாடும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது. எங்களுக்கு ரெட்டினாலை ஒருவரும் ரெட்டினாயிக் அமிலத்தை இன்னொருவரும் நடத்தினார்கள்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. மினாக்சிடில் உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உட்கொண்டவர்களுக்கு முடி வளர்ந்த பக்கவிளைவே பின்னர் 1988-இல் தலையில் பூசும் மருந்தாயிற்று. கண்ணழுத்த நோய்க்கான சொட்டுமருந்தான பைமாட்டோப்ரோஸ்ட் 2008-இல் கண்ணிமை முடியை நீளச் செய்யும் பொருளாகவும் ஒப்புதல் பெற்றது. நோக்கம் அழகு என்றாலும் இவை மருந்தாகவே நின்றன என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். மருந்தா அழகுசாதனமா என்பதை ஆசையை வைத்து மட்டும் தீர்மானிப்பதில்லை, உடலில் என்ன நிகழ்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

வரலாற்றையும் தாங்கள் சேர்க்க வேண்டும். சட்டப் பாடத்தின் முதல் பத்தியில் ஆண்டுகளின் பட்டியலாக அன்று, ஆய்வகத்தில் நடந்த நிகழ்ச்சியாக. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை நீர்ம வடிவில் கேட்கிறார்கள் என்பதற்காக ஒரு நிறுவனத்தின் வேதியியலாளர் அதை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தார். கரைசல் ராஸ்பெர்ரிச் சுவையுடன் வந்தது. நிறுவனத்தின் ஆய்வகம் அதைச் சோதிக்கவும் செய்தது. எதைச் சோதித்தது என்பதுதான் ஒவ்வொரு மாணவரும் நின்று வாசிக்க வேண்டிய இடம்: சுவை, தோற்றம், மணம். நஞ்சா என்று பார்க்கச் சட்டம் கேட்கவில்லை, ஆகவே பார்க்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். அந்த மருந்தைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்குக் கிடைத்த சட்டக் காரணமோ, எலிக்சிர் என்ற பெயர் சாராயம் கலந்த கரைசலைக் குறிக்கும், இதில் சாராயம் இல்லை, எனவே பெயர் தவறு என்பது மட்டும்தான்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1933-இல், அதே அமெரிக்காவில் இமைமுடிக்கும் புருவத்துக்கும் பூசிய ஒரு சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள். அதிலிருந்தது பாரா-ஃபினைலீன்டையமின் என்ற, இன்றும் தலைமுடிச் சாயங்களில் உள்ள, ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பொருள். அன்று நடைமுறையிலிருந்த 1906-ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம் அழகுசாதனத்தைக் கண்டுகொள்ளாததால் அதிகாரிகளால் எதுவும் செய்ய முடியவில்லை. இவ்விரு துயரங்களின் பின்னணியில்தான் உணவு, மருந்து, அழகுசாதனம் ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பில் வைத்த 1938-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. நம் பட்டத்தின் பெயரில் இருக்கும் உம்மைக்கு இப்படியும் ஒரு முன்வரலாறு இருக்கிறது. நான்கு ஆண்டுகள் படித்து முடித்த எனக்கு இது ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை என்பதை இன்று நினைத்தாலும் சற்றுக் கோபம் வருகிறது.

அந்தக் கதை பழையதாகிப் போய்விடவும் இல்லை. 2006-இல் பனாமாவில் கிளிசரின் என்ற பெயரோடு வந்து சேர்ந்த பீப்பாய்களில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அதைக் கொண்டு செய்த இருமல் மருந்தைக் குடித்தவர்கள் பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அதே பொருள் பல நாடுகளில் விற்பனைக்கு வந்த பற்பசைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. கிளிசரின் என்பது மருந்தகத்துக்கும் அழகுசாதன ஆலைக்கும் பொதுவான பீப்பாய். அதைத் திறப்பவர் எந்தத் துறையின் உடுப்பை அணிந்திருந்தாலும், பீப்பாயின் மேல் ஒட்டிய தாளை நம்பாமல் உள்ளே இருப்பதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வேண்டும். மூலப்பொருளின் அடையாளச் சோதனையை எங்கள் மருந்துப் பகுதி கண்டிப்புடன் கற்பித்தது. அழகுசாதனப் பகுதியிலோ குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நேராக எடை போட்டோம்.

இன்னொரு நிகழ்வையும் குறிப்பிட வேண்டும். ஜப்பானில் தோலை வெண்மையாக்கும் பொருள்களில் சேர்க்கப்பட்டிருந்த ரோடோடென்ட்ரால் என்ற கூறு, பயன்படுத்தியவர்களின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் திட்டுத்திட்டாக நிறத்தைப் போக்கியதால் 2013 ஜூலையில் அப்பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட அப்பொருளை அந்த நொதியே பற்றிக்கொண்டு நச்சுப்பொருளாக மாற்றியது. நிறமிச் செல்கள் அதனால் மடிந்தன. பூட்டுப் போட அனுப்பியவனையே வீட்டுக்காரன் கொள்ளைக்காரனாக மாற்றிய கதை இது. நொதி இயக்கவியலைத் தனிப் பாடமாகப் படித்துத் தேர்ச்சி பெறும் மாணவர், தன் கிரீமிலுள்ள கூறு நொதியைத் தடுக்கிறதா, அல்லது நொதியால் மாற்றப்படுகிறதா என்று கேட்கக் கற்றிருக்க வேண்டும். பாதிப்புக்கு உள்ளானவர்கள் நோயாளிகளாக இருந்து அந்தப் பொருளை நாடியவர்கள் அல்லர் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். மருந்தில் நன்மையையும் தீமையையும் தராசில் வைக்கலாம்; நோயில்லாதவர் பூசும் பொருளில் நன்மைத் தட்டு அவ்வளவு கனமானதன்று, ஆகவே தீமைத் தட்டில் வைக்க அனுமதிக்கப்படும் எடையும் சிறிதாகவே இருக்க முடியும். அழகுசாதனம் எளிய பாதி, மதிப்பெண் குறைந்தவர்கள் விரும்பி எடுக்கும் பாதி என்று துறைக்குள்ளேயே நிலவும் ஏளனத்துக்கு இதைவிட நேரான மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

அறவியல் வகுப்பு இருக்கிறது என்று தாங்கள் சொல்லக்கூடும். இருக்கிறது, ஆனால் அது மருந்துச் சோதனைகளைப் பற்றியே பேசுகிறது. மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் நடுவே உள்ள பொருள்களைக் குறிக்கும் காஸ்மெசூட்டிகல் என்ற சொல்லைப் பரவலாக்கிய ஆல்பர்ட் கிளிக்மன், டிரெட்டினாயினைத் தோல் மருந்தாக வளர்த்தவர்களில் முதன்மையானவர். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தியவரும் அவரே. முகப்பூச்சுகளும் ஷாம்பூக்களும் அங்கே சோதிக்கப்பட்டன, டையாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருளும் சோதிக்கப்பட்டது. பாடநூல்களில் அந்தச் சொல் மட்டும் வந்து, சிறை வராமல் போவது முறையன்று.

செய்முறை வகுப்புகளுக்கு வருகிறேன். என் கோரிக்கைகளில் உடனடியாக நிறைவேற்றக்கூடியது இங்கேதான் இருக்கிறது. மூன்று மணி நேரச் செய்முறையில் ஒரு கிரீமைச் செய்து, அது வெண்மையாகவும் வழவழப்பாகவும் வந்ததைக் காட்டி, கையொப்பம் வாங்கிக்கொண்டு, கழுவித் துடைத்துவிட்டுப் போனோம். நாங்கள் செய்த கிரீம் பத்தாம் நாளில் என்ன ஆயிற்று என்பதை நான் பார்த்ததே இல்லை. இந்தத் துறையிலோ எல்லாமே காலத்தின் கணக்கு. பதனப்பொருள் சோதனை மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் ஒன்றுபோலவே 28 நாட்கள் ஓடுகிறது. மருந்தின் விரைவு நிலைப்புத்தன்மைச் சோதனை 40 பாகை செல்சியசிலும் நூற்றுக்கு 75 ஈரப்பதத்திலும் ஆறு மாதங்கள் நடக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் எதுவும் கெட்டுப்போவதில்லை. கெட்டுப்போவதைக் காணாத மாணவருக்கு, கெடாமல் இருப்பது எவ்வளவு அரிது என்று தெரிவதுமில்லை.

ஆகவே முதலாம் ஆண்டின் முதல் மாதத்திலேயே ஒவ்வொரு மாணவரும் ஒரு மாத்திரைத் தொகுதியையும் ஒரு கிரீமையும் தம் கையால் செய்து, பெயரும் தேதியும் ஒட்டி, நிலைப்புத்தன்மை அறையில் வைக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும் வேதியியல் போதாது, என்ன நடந்தது என்று விளக்கவும் தெரியாது, அது குறையன்று. இரண்டாம் ஆண்டில் நிறம் மஞ்சளானதற்கான காரணம் புரியும், மூன்றாம் ஆண்டில் மாத்திரை கரையும் நேரம் நீண்டதற்கான காரணம் புரியும். இறுதி ஆண்டில் அந்தக் குப்பியைத் திறந்து, தாம் பதினெட்டு வயதில் செய்த பிழைகளைப் பற்றித் தாமே ஓர் அறிக்கை எழுதட்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஓர் அலமாரியும், அதை நான்கு ஆண்டுகள் யாரும் காலி செய்துவிடக் கூடாது என்ற ஓர் ஆணையும் போதும். பிரிந்துபோன கிரீமுக்கும் மதிப்பெண் உண்டு, பிரிந்ததற்கான காரணத்தைச் சரியாகச் சொன்னால் கூடுதல் மதிப்பெண் என்று விதியையும் மாற்றுங்கள். எங்கள் காலத்தில் கிரீம் பிரிந்துவிட்டால் பக்கத்து மேசையிலிருந்து ஒரு கரண்டி கடன் வாங்கிக் காட்டுவது வழக்கமாக இருந்தது. நானும் வாங்கியிருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன்.

தோலைக் கடக்கும் பாடத்தையும் இதேபோல் ஒன்றாக்கலாம். தோலின் மேற்புறத்திலுள்ள இறந்த செல்களின் அடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உடையது, ஆயினும் நம்மைக் காப்பது அதுதான். ஏறத்தாழ 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் அதை எளிதில் கடப்பதில்லை என்ற நடைமுறை விதியைத் தோல்வழி மருந்துகளுக்காகக் கற்கிறோம். அதே விதியை அழகுசாதன வகுப்புக்கு எடுத்துச் சென்றால், ஏறத்தாழ மூன்று லட்சம் டால்டன் எடையுள்ள கொலாஜன், பூசிய மாத்திரத்தில் தோலுக்குள் இறங்கித் தோலின் கொலாஜனாக மாறிவிடும் என்று எந்த மாணவரும் நம்ப மாட்டார். மேற்பரப்பில் நின்று ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று எழுதினால் அது நேர்மையான வாசகம். ஆழத்தில் ஊடுருவும் என்று எழுதினால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மருந்துப் பொருளின் கூற்றுக்குச் சான்று கேட்பதில் பழகிய மாணவர், தம் சொந்தக் கிரீமின் மேல் எழுதப்படும் வாசகத்தைத் தாமே வெட்டித் திருத்தும் ஒரு பயிற்சியாவது பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். விளம்பரப் பிரிவினர் கேட்கும்போது முடியாது என்று சொல்லும் சொற்கள் அவருக்கு அங்கேதான் கிடைக்கும்.

அளவு என்ற கருத்தும் அப்படியே. சூரியத் தடுப்பு எந்த அளவுக்குக் காக்கிறது என்று சொல்லும் எஸ்.பி.எஃப். எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதிக்கப்படுகிறது. 1.8 சதுர மீட்டர் பரப்புள்ள உடலுக்கு அது 36 கிராம் ஆகிறது. மக்கள் உண்மையில் பூசுவது பெரும்பாலும் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். மருந்தாக இருந்தால் நோயாளி பாதி மாத்திரைதான் விழுங்குகிறார் என்று சொல்லி நாம் பதறியிருப்போம்.

யாருடைய தோல் என்ற கேள்வி எங்களிடம் எழுப்பப்படவே இல்லை. ஒரு பொருள் தோலை எரிச்சலூட்டுமா என்று சோதிக்க 1944-இல் டிரெய்ஸ் வகுத்த முறையில் முயலின் தோல் எவ்வளவு சிவந்தது என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கிய தோல்வகைப் பிரிவு ஒளிச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பதற்காக முதலில் வெண்தோலரை மனத்தில் கொண்டு அமைந்தது. கருமை மிகுந்த வகைகள் பின்னர்தான் சேர்க்கப்பட்டன. சிவப்பையே அடையாளமாகக் கொண்ட அளவுகோல் கருந்தோலில் எரிச்சலைத் தவறவிடும்; அங்கே எரிச்சல் பெரும்பாலும் பிற்பாடு கருந்தழும்பாகவே வெளிப்படுகிறது. எங்கள் பாடநூலின் படங்கள் அனைத்திலும் தோல் சிவந்தே இருந்தது. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் பலருடைய தோல் அப்படிச் சிவக்காது.

விலங்குச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விலங்குகளில் சோதிக்கப்பட்ட அழகுசாதனப் பொருள்களின் விற்பனைக்கான தடை 2013 மார்ச் 11-இல் முழுமை பெற்றது. ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் மாதிரிகள் அங்கே முயலின் இடத்தைப் பிடித்துள்ளன. மருந்தில் விலங்குச் சோதனை இன்னமும் பரவலாக நடக்கிறது. ஒரே மாணவர் ஓர் அறையில் எலியையும் அடுத்த அறையில் வளர்த்த தோலையும் கற்றுக்கொண்டு வெளியே வருகிறார், ஏன் இந்த வேறுபாடு என்று கேட்க அவருக்கு வாய்ப்பு தரப்படுவதில்லை. அழகுசாதனத்துக்காக உருவான மாற்றுமுறைகளில் எவை மருந்துக்கும் பொருந்தும், எவை பொருந்தா என்பது இப்பட்டத்தின் மாணவர்களுக்கென்றே அமைந்த ஆய்வுத் தலைப்பு.

இவற்றையெல்லாம் சேர்க்க நேரம் எங்கே என்று தங்கள் குழுவில் ஒருவராவது கேட்பார் என்பதை அறிவேன். அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. பால்மம், தூள், பரப்பு இழுவிசை, பதனம், நிலைப்புத்தன்மை ஆகியவை எங்கள் பாடத்திட்டத்தில் இருமுறை வந்தன. அவற்றை இரண்டு ஆசிரியர்களும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து ஒருமுறை நடத்தட்டும்; ஒருவர் பேசும்போது மற்றவர் உட்கார்ந்து கேட்கட்டும், முரண்பட்டால் மாணவர்கள் முன்னிலையிலேயே வாதிடட்டும். அதில் மிஞ்சும் நேரத்தில் இறுதி ஆண்டுக்கு ஒரே ஒரு தேர்வு வையுங்கள்: பெயரில்லாத ஒரு ஜாடியையும் அதன் உட்பொருள் பட்டியலையும் கொடுத்து, இது எந்தச் சொற்களோடு விற்கப்பட்டால் மருந்து, எந்தச் சொற்களோடு விற்கப்பட்டால் அழகுசாதனம், ஒவ்வொன்றுக்கும் என்னென்ன சான்றுகள் வேண்டும், எதை இவ்வாய்பாட்டில் விற்கவே கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும்.

தங்கள் குழு இதைப் பரிசீலிக்கக் கூடுமாயின், நான் தோற்ற அந்த முதல் கிரீமின் வாய்பாட்டையும் அதன் 28 நாள் சோதனைப் பதிவுகளையும் வகுப்பறைப் பயன்பாட்டுக்கு ஏற்றவாறு எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன். பாலிசார்பேட்டின் அளவு மூன்றாம் வரியில் இருக்கிறது. மாணவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கும்வரை அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இப்பட்டத்தின் முன்னாள் மாணவி ஒருத்தி